கடன் வாங்கிய அழுக்கு

நாத்தனார் என்றாலே அண்ணியின் காலை வாரிவிடப் பிறந்தவள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்படிப் பேசுகிறவர்கள் யாரும் வாளியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். ஏனென்றால் வாளி தன் அண்ணியிடம் இதமாக நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டது கிடையாது. "சாப்பிட்டாச்சா?" என்பாள். "அந்த ட்யூபைப் பிடிங்க" என்பாள். அதோடு சரி. ஆனால் அந்த அண்ணிக்காக ஒரு திங்கட்கிழமை அவள் தெருத் தெருவாகப் போய் அழுக்குப் பிச்சை எடுத்தாள்.

வாளி என்பது அவள் பெயர் இல்லை. கடை கடையாகப் போய் மீன்தொட்டி சுத்தம் செய்வது அவள் பிழைப்பு. போகிற இடமெல்லாம் கையில் ஒரு நீல வாளி, அதற்குள் ட்யூப், கண்ணாடி சுரண்டி, வலை. "முதல்ல வாளி வரும், பின்னாடியே என் தங்கச்சி வருவா" என்று அண்ணன் ஒரு நாள் கேலி செய்தான். பெயர் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது. கல்யாணம்தான் ஒட்டவில்லை. கட்டியவன் வேறொருத்தியோடு போய்விட்ட பிறகு, ஒரு துணிப்பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றைக்கு அண்ணி ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் அலமாரியில் பாதியைக் காலி செய்து கொடுத்தாள். வாளி அதை மறந்ததும் இல்லை, வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, நீராவியில் வைத்துக் கிருமி நீக்கி, துணியில் பொட்டலம் கட்டி அனுப்புகிற அறை அவளுடையது. அந்தப் பொட்டலத்தை அவள் மடிக்கிற மடிப்பே தனி. கடைசி முனையை உள்ளே செருகி, நுனியை மட்டும் காது போல வெளியே விட்டுவைப்பாள். கையுறை போட்டவர்கள் அந்தக் காதைப் பிடித்து இழுத்தால் பொட்டலம் தானாகப் பிரியும். இத்தனை வருஷத்தில் அவள் கட்டிய பொட்டலத்தைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

போன வருஷம் ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்ணுக்குப் புண்ணில் கிருமி புகுந்தது. பிழைக்கவில்லை. விசாரணை நடந்தது. எதனால் என்று கடைசிவரை தெரியவில்லை. "உங்க மேல தப்பு இல்லம்மா" என்றார்கள் பெரியவர்கள். "உன் மேல என்ன தப்பு?" என்றான் அண்ணன். வாளியும் அதையேதான் சொன்னாள். அண்ணி எல்லோருக்கும் தலையாட்டினாள். வேலையை விட்டாள். உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தால் கை கழுவ மட்டும்தான். முழங்கை வரைக்கும் கழுவிக் கழுவித் தோல் உரிந்தது. டாக்டர், மாத்திரை எல்லாம் பார்த்தார்கள். ஒன்றுக்கும் அசையவில்லை.

கடைசியில் அவளை வெளியே இழுத்து வந்தது பாசிதான். "வீட்டுல உக்காந்து கையைத் தேய்க்கிறதுக்கு, வந்து என் தொட்டியைத் தேய்ங்களேன்" என்று ஒரு நாள் வாளி வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அண்ணன் பதறிப்போனான். அண்ணியோ எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் படிந்த பச்சையைச் சுரண்டச் சுரண்ட, பின்னாலிருந்து ஒரு மீன் எட்டிப் பார்க்கிறதல்லவா, அது அவளுக்குப் பிடித்துப்போனது. தொட்டியின் கண்ணாடி முழுக்க அவள் பொறுப்பு என்று ஆனது. தண்ணீரை வடிகட்டுகிற ஃபில்டரை மட்டும் வாளி யாரிடமும் கொடுக்க மாட்டாள். "அது அழுக்கு அண்ணி, நான் பார்த்துக்கிறேன்" என்பாள். பாவம், அவளைக் கிருமிப் பேச்சே இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் ஏன் எதற்கு என்று சொல்லவில்லை. அந்த நல்ல எண்ணம்தான் வினையாக வந்து முடிந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வாரம் வாளி ஈரத்தரையில் வழுக்கி வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். பல் டாக்டரின் கிளினிக்கில் காத்திருக்கும் அறையில் ஒரு பெரிய தொட்டி உண்டு. ஜன்னல் வெயில் நேராக விழுந்து, தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கரைத்தது போல ஆகியிருந்தது. மிதக்கிற பாசியைக் கொல்கிற யூவி விளக்கு பழசாகிப் போயிருந்தது. புது விளக்கு மாட்டி, பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும்.

"நான் தனியாப் போயிட்டு வர்றேன்" என்றாள் அண்ணி.

ஒரு வருஷத்தில் அவள் தானாகக் கேட்ட முதல் காரியம் அது.  சந்தோஷத்தை மறைக்க, வாளி வாசல் வரைக்கும் வந்து, "அப்படியே ஃபில்டரையும் ஒரு பார்வை பார்த்துடுங்க" என்றாள். அந்தச் சொல்லுக்காகப் பிறகு தன் வாயில் தானே போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி முகம் மலர்ந்து வந்தாள். எல்லோருக்கும் டீ போட்டாள். உள்ளறைக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினாள். "என் பொண்டாட்டி திரும்பி வந்துட்டா, வாளி" என்று அண்ணன் கூடத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண்.

"அக்கா, தண்ணி செம க்ளியரா இருக்கு. ஆனா மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. பசியா இருக்குமோ?"

 "சாப்பாடு போடாத. ஒரு துளி போடாத. நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வாளி கிளம்பினாள்.

அறைக்குள் காலை வைத்ததும் தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடியாக மின்னியது. அந்தத் தொட்டி வந்த நாளிலிருந்து அத்தனை தெளிவாக இருந்ததில்லை. அத்தனை தெளிவிலும் ஒரு மீன்கூட நீந்தவில்லை. எல்லாம் மேலே ஒட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தன. மேனேஜர் என்று டோக்கன் பெண் பெயர் வைத்திருந்த பெரிய ஆரஞ்சு மீன் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. செவுள் ரத்தச் சிவப்பு. அடியில் இரண்டு குட்டி மீன்கள் செத்துக் கிடந்தன. வாளி சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டாள். மஞ்சளாக நிற்க வேண்டியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா. மீன் போடுகிற கழிவே மீனுக்கு விஷமாகத் திரும்பியிருந்தது.

ஃபில்டர் மூடியைத் திறந்தாள். உள்ளே பழுப்புச் சேறு பூசிய பீங்கான் வளையங்கள் இருக்க வேண்டும். வளையங்கள் இருந்தன, பால் வெள்ளையில். வெள்ளை வலைத்துணியில் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி அடுக்கியிருந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"உங்க அண்ணி எவ்வளவு சுத்தம்க்கா!" என்றாள் டோக்கன் பெண் பின்னாலிருந்து. "பழைய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வெச்சாங்க. அந்த வளையத்தையெல்லாம் எங்க கருவி வைக்கிற ஸ்டீம் மெஷின்ல போட்டு எடுத்தாங்க. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க, என்னைத் திட்டுவாரு."

அடக் கடவுளே. இதைச் செய்ய உலகத்திலேயே ஒருத்தியால்தான் முடியும்.

கிருமி என்றால் எல்லாம் ஒரே சாதி இல்லை. அந்தப் பழுப்புச் சேற்றில் கோடிக்கணக்கில் குடியிருப்பவை, மீனின் விஷத்தைத் தின்றே வாழ்கிறவை. பாசியையும் கெட்ட கிருமியையும் எவ்வளவு வேண்டுமானாலும் ஒழிக்கலாம், இவற்றை மட்டும் ஒழிக்கக் கூடாது. பாலுக்கு உறை எப்படியோ, தொட்டிக்கு அந்த அழுக்கு அப்படி. அண்ணி அதைத் தன் கைத்திறமை அத்தனையும் காட்டி, ஒன்று மிச்சமில்லாமல் கொன்றிருந்தாள்.

மீன் செத்தால் வேறு மீன் வாங்கிவிடலாம். வாளிக்கு மீன் கவலை இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது உள்ளறைக் கதவு. தொட்டி முழுக்கச் செத்து மிதந்தால் அண்ணி என்ன நினைப்பாள் என்பது அவளுக்கு மனப்பாடம்: என் கை பட்டால் உயிர் போகும். இந்தத் தடவை உள்ளே போனால் அந்தக் கதவு திறக்காது.

செத்த இரண்டையும் வலையில் எடுத்துக் காகிதத்தில் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். யூவி விளக்கை அணைத்தாள். காற்று மோட்டார் இரண்டை ஓடவிட்டாள். சுளுக்கிய கையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பாதித் தண்ணீரை மாற்றினாள், குளோரின் போக்குகிற மருந்தைக் கலந்து. இது இன்றைக்கு ஒரு பொழுதைத் தள்ளும். பொழுது போனால் விஷம் திரும்ப ஏறும். வேண்டியது உறை. பழைய அழுக்கு. இன்றைக்கே வேண்டும்.

ஊர்த் தொட்டியெல்லாம் பார்க்கிறவள் வீட்டில் ஒரு தொட்டி கிடையாது. வாளி அண்ணனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் குரல் செத்துப்போனது. "அவகிட்ட மூச்சு விடாத" என்றான். "விட மாட்டேன். நீ வண்டியை எடுத்துட்டு வா."

முதலில் சலூன். கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்னத் தொட்டி அங்கே. சலூன்காரர் ஒரு ஆளின் கன்னத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தார்.

"உங்க ஃபில்டர் ஸ்பாஞ்சு ஒண்ணு வேணும். அழுக்கோட வேணும், கழுவக் கூடாது."

சலூன்காரர் பிரஷ்ஷை அப்படியே நிறுத்தினார். "அழுக்கை எடுத்துட்டுப் போங்கன்னுதானம்மா உங்களைக் கூப்பிடுறேன்? இப்ப வந்து அழுக்கு குடுங்கன்னு கேக்குறீங்க?"

"இன்னிக்கு மட்டும் குடுங்கண்ணே. காரணம் அப்புறம் சொல்றேன்."

அவள் முகத்தைப் பார்த்தவர் வேறு எதுவும் கேட்கவில்லை. "எடுத்துக்கோங்க. வேணும்னா கீழ கெடக்குற முடியையும் அள்ளிட்டுப் போங்க, அதுவும் அழுக்குதான்" என்றார். நுரை பூசிய ஆள் சிரித்தார். வாளியால் சிரிக்க முடியவில்லை.

அடுத்து ஒரு லாட்ஜ். அங்கேதான் பழைய, பெரிய ஃபில்டர். அதன் ஸ்பாஞ்சு ஒன்று கிடைத்தால் போதும், வேறெங்கும் போக வேண்டாம். கையை உள்ளே விட்டுவிட்டாள். அப்போதுதான் ஒரு மீனின் வாலில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் கண்ணில் பட்டன. நோய். இந்த அழுக்கைக் கொண்டுபோனால் நோயும் கூடவே வரும். விரலில் அந்தக் கொழகொழப்பு பட்டுக்கொண்டிருந்தது. எடு, எடு என்றது மனசு. பல்லைக் கடித்துக்கொண்டு கையை வெளியே எடுத்தாள். அந்தக் கையை வேறு தண்ணீரில் வைப்பதற்கு முன்னால் சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

கழுவிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அண்ணி.

"பல் டாக்டர் தொட்டி எப்படி இருக்கு வாளி? இன்னிக்குப் பார்க்கப் போறேன்னியே."

"கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணி" என்றாள் வாளி. அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட நெஞ்சு இவ்வளவு அடித்திருக்காது.

டிரைவிங் ஸ்கூல் தொட்டியில் இன்னொரு ஸ்பாஞ்சும், ஒரு கை நிறைய வளையங்களும் கிடைத்தன. வாளி வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு குழியிலும் அழுக்குத் தண்ணீர் மடியில் தெறித்தது. "மெதுவாப் போண்ணே, கொட்டிடப் போகுது" என்று அவள் கத்த, "சீக்கிரம் போன்னியே!" என்று அவன் கத்த, இருவருக்கும் அழுகை வந்தது. ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை.

கிளினிக்கில் ஸ்பாஞ்சுகளை ஃபில்டருக்குள் வைத்து, ஒன்றை மட்டும் தொட்டிக்குள் வைத்துப் பிழிந்தாள். பளிங்குத் தண்ணீர் சாக்கடையாக மாறியது. "ஐயோ அக்கா!" என்று டோக்கன் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அதே நேரத்தில் வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது.

அண்ணி நின்றாள்.

"நான்தான்க்கா போன் பண்ணினேன்" என்றாள் டோக்கன் பெண், நல்லது செய்த முகத்தோடு. "அவங்களும் வந்தா உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்னு."

அண்ணி மேனேஜரைப் பார்த்தாள். சாய்ந்து கிடந்தது, செவுள் மட்டும் அசைந்தது. பிறகு தரையில் பார்த்தாள். வாளி வெளியே எடுத்துப் போட்டிருந்த பொட்டலங்கள், காதுகள் நீட்டிக்கொண்டு.

"இது ஏன் வெளிய கெடக்கு?"

அண்ணி குனிந்து ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தாள்.

"நான் பண்ணினதாலயா?"

அண்ணன் முந்திக்கொண்டான். "சே சே, அதெல்லாம் இல்ல. மோட்டார்ல ஏதோ கோளாறு. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அண்ணியின் முகம் என்ன ஆனது என்பதை வாளி பார்த்தாள். விளக்கை அணைத்த அறை போல ஆனது. போன வருஷமும் இதே முகம்தான், இதே சொல்லுக்குத்தான். அன்றைக்கு வாளிக்குப் புரியவில்லை. இன்றைக்குச் சுரீரென்று உறைத்தது.

"நீங்க பண்ணினதுதான் அண்ணி" என்றாள்.

"ஏய்!" என்றான் அண்ணன்.

"சும்மா இருண்ணே. அண்ணி, அந்த வளையத்துல இருந்த அழுக்குலதான் இந்த மீனுங்களோட உசுர் இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதுங்க, மீனோட கழிவைத் தின்னு விஷமாகாம பார்த்துக்கும். நீங்க ஸ்டீம்ல போட்டதும் எல்லாம் செத்துப் போச்சு. தின்ன ஆள் இல்ல, விஷம் ஏறிடுச்சு. உங்களுக்கு நான் இதைச் சொல்லியே குடுக்கல, அது என் தப்பு. பண்ணினது நீங்க."

"எத்தனை செத்துச்சு?"

வாளி பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். அண்ணி இரண்டையும் பார்த்தாள். வாளியில் கறுத்துக் கிடந்த தண்ணீரைப் பார்த்தாள். திரும்பி நடந்தாள்.

"கொன்னுட்டியேடி" என்றான் அண்ணன். "அவளைக் கொன்னுட்டியே."

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அண்ணன் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான், தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. வாளிக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னேனா, இல்லை அலமாரியில் பாதி கொடுத்தவளை நடுத்தெருவில் தள்ளினேனா என்று தன்னைத் தானே போட்டு அறுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் அண்ணனின் அலறல். உட்கார்ந்த இடத்திலேயே கண் அசந்திருக்கிறான். கதவு திறந்து கிடந்தது, கட்டில் காலி. போன் தலையணை மேல் கிடந்தது. கொல்லை, மாடி, தெருமுனை எங்கேயும் இல்லை. "ரயில் தண்டவாளம்..." என்று ஆரம்பித்த அண்ணன் முடிக்கவில்லை, வண்டிச் சாவியைத் தேடி நாலு பக்கமும் ஓடினான்.  வாளி பழக்கதோஷத்தில் வாசல் கதவோரம் கையை நீட்டினாள், நீல வாளியை எடுக்க.

வாளி அங்கே இல்லை.

அண்ணனுக்காகக்கூட நிற்காமல் ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, விட்டுவிட்டு ஓடினாள். கிளினிக் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள்.

டோக்கன் பெண் தூக்கக் கலக்கத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி ஃபில்டருக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் நீல வாளி, அதில் இன்னொரு ஸ்பாஞ்சு. முழங்கை வரைக்கும் கை இரண்டும் கறுப்பு. எத்தனை மாதமாகக் கழுவிக் கழுவித் தோலுரித்த கை அது.

"நேத்து நீங்க எங்கெங்க போனீங்கன்னு அவர் கதவுக்கு வெளிய புலம்பினது கேட்டுச்சு. சலூன்காரர் கடை தொறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னேன்" என்றாள் அண்ணி, திரும்பாமல். "நேத்து எடுத்தது போக இன்னொண்ணு இருக்குமான்னு கேட்டேன். உங்க குடும்பத்துக்கே பைத்தியமான்னு கேட்டார். ஆமான்னேன். குடுத்தார்."

வாளி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்தக் குழாயில சொட்டு விட்டுப் பார்த்தேன். பச்சைதான். நேத்து நீ இங்க வெச்சிருந்த குழாயில பார்த்த பச்சை இல்ல, கொஞ்சம் வெளுத்திருக்கு. சரியா பார்த்திருக்கேனான்னு நீ பாரு."

வாளி பார்த்தாள். வெளுத்துத்தான் இருந்தது. தொட்டிக்குள் கலங்கல் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கலங்கலுக்குள் மேனேஜர் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது, வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு.

"பொழைக்குமா?" என்றாள் அண்ணி.

"சொல்ல முடியாது அண்ணி. இன்னும் ரெண்டு மூணு சாகலாம். தினமும் வந்து தண்ணி மாத்தணும்."

"மாத்துறேன்." அண்ணி ஸ்பாஞ்சை ஃபில்டருக்குள் வைத்து அழுத்தினாள். "ஆஸ்பத்திரியில அத்தனை பேர்கிட்ட கேட்டேன் வாளி, என்ன ஆச்சு, நான் என்ன பண்ணினேன்னு. தப்பு இல்ல, தப்பு இல்லன்னாங்க. என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. நீ ஒருத்திதான் சொன்ன."

வெளியே அண்ணனின் வண்டி கிறீச்சிட்டு நின்றது. அவன் அண்ணியின் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. வாளி ஒற்றைச் செருப்போடு அண்ணிக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது, அலமாரியிலிருந்து ஆரம்பித்து. வாய்க்கு வந்தது பழைய வார்த்தைதான்.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, அடக்க முடியாமல் அழுதாள்.

"இல்ல" என்றாள் அண்ணி. "அந்த ட்யூபைப் பிடி."